மாமன் மண்டை

என் தங்கை மகன் கதிர் பிறந்த அன்று அவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னது, "அப்படியே மாமன் மண்டை" என்பதுதான். மூக்கு அப்பாவுடையது, நிறம் அம்மாவுடையது என்று அதற்குள் பங்கு பிரித்துவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியது அந்த நீள மண்டை ஒன்றுதான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

என் மண்டை முன்பக்கம் நெற்றி ஏறி, பின்பக்கம் பிடரி தள்ளி, இரு பக்கமும் ஒடுங்கி இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் தேங்காய். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் கலெக்டர் மண்டை என்பார்கள். கலெக்டர் ஆகவில்லை. டெல்லியில் மேம்பாலம் கட்டும் அரசு நிறுவனம் ஒன்றில் இன்ஜினீயராக இருக்கிறேன், பெயர் இசக்கிமுத்து. வயது முப்பத்தெட்டு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் மண்டைதான் காரணம் என்று வள்ளி, என் தங்கை, கேலி செய்வாள்.

போன குளிர்காலத்தில் கதிருடைய அந்த மண்டையைத் திறந்து சரிசெய்ய வேண்டியதாகிவிட்டது. இப்போது அவன் நன்றாக இருக்கிறான். இதை எழுதும்போது என் மடியில் படுத்துக்கொண்டு பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறான். இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் நாங்கள் முழித்ததுபோல நீங்கள் முழிக்க வேண்டாமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வள்ளியின் கணவர் ஆறுமுகம் இமாசலத்தில் மலை மேல் மின்கோபுரம் நடும் வேலையில் இருப்பவர். பனிக்காலத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே இருக்க முடியாது. அதனால் வள்ளி ஜனக்புரியில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளெல்லாம் அவன் தலையை உள்ளங்கையால் உருட்டி உருட்டிப் பிடித்துவிடுவாள். நம் பக்கத்தில் செய்வதுதான். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடுகை நிரப்பி ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொண்டுவந்தார். குழந்தை திரும்பும் பக்கமெல்லாம் கடுகு நகர்ந்து இடம் கொடுக்கும், தலை தானாக உருண்டையாகிவிடும் என்பது இந்த ஊர்க் கணக்கு. எண்ணெய்க் கைக்கும் கடுகுத் தலையணைக்கும் போட்டி நடந்தது. மண்டை இரண்டுக்கும் மசியவில்லை.

மூன்றரை மாதத்தில் தடுப்பூசி போடப் போன இடத்தில் குழந்தை டாக்டர் கதிரின் தலையைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். பிறகு உச்சியில் விரலை வைத்து முன்னிருந்து பின்னாக ஒரு தடவை ஓட்டினார். முகம் மாறியது. என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ஒரு கயிறு கிடப்பதுபோல, உச்சிக்குழியில் தொடங்கிப் பின்மண்டை வரைக்கும் ஒரு மேடு.

"தலையோட்டுல ஒரு மூட்டு பிறக்குறதுக்கு முன்னாடியே மூடிடுச்சுன்னு நினைக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்" என்றார்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வள்ளி குழந்தையின் உச்சிக்குழியில் கை வைத்தபடியே வந்தாள். "ண்ணே, உச்சி துடிக்கி பாரு. தொறந்துதானே கெடக்கு? பெறவு எப்படி மூடிட்டுன்னு சொல்லுதாங்க?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட எனக்கு முடியாது. இது என் குணம், இதனால் அலுவலகத்திலும் கெட்ட பெயர்தான். அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் போர்வையும் பிளாஸ்குமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தோடு நாங்களும் போய் உட்கார்ந்தபோது, என் மனதில் பயத்தைவிடக் கேள்விகள்தான் அதிகம் இருந்தன.

மூளை அறுவை நிபுணர் ஒரு பெண். டாக்டரம்மா என்றே சொல்லிவிடுகிறேன். அவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னதை என் தமிழில் தருகிறேன். முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழந்தை அசையாமல் கிடக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்காமல் பார்க்கலாம், வழியில் தூங்கவிடாமல் கூட்டிவாருங்கள், ஸ்கேன் அறை வாசலில் பாலைக் கொடுத்துத் தூங்க வையுங்கள் என்றார்கள். கதிரை முழிக்க வைக்கும் வேலை என்னுடையதாகிவிட்டது. எனக்குப் பாட்டு வராது. மெட்ரோவில் வரும் இந்தி அறிவிப்பை அதே குரலில் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயருக்கும் கண்ணை அகல விரித்துச் சிரித்தான். வராந்தாவில் இருந்த பாதிப் பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பாலைக் குடித்ததும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டான்.

படம் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் கதிரின் மண்டையோடு மட்டும் மெல்லச் சுழன்றது. வள்ளி பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டாள். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மண்டையின் கூரையும் பக்கங்களும் பெரும்பாலும் இரண்டு எலும்புகள்தான். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. பெரைட்டல் எலும்பு என்றார் டாக்டரம்மா. தமிழில் சுவரெலும்பு என்று பெயர் இருப்பதைப் பிறகு பார்த்துக்கொண்டேன். கூரையாகவும் இருக்கிற எலும்புக்குச் சுவர் என்று பெயர் வைத்தவர் கட்டட வேலை தெரியாதவர்.

கை கால் எலும்பெல்லாம் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பிறகு கெட்டிப்படுகின்றன. இந்தச் சுவரெலும்பு அப்படி இல்லை. வயிற்றுக்குள் குழந்தையின் மூளையைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. காதுக்கு மேலே, இன்று நாம் தலையில் தொட்டால் புடைப்பாகத் தெரியும் இடத்தில், அந்தச் சவ்விலேயே எலும்பு தொடங்குகிறது. அங்கிருந்து நாலா பக்கமும் பரவுகிறது.

"தோசை மாதிரியா? நடுவுல ஊத்தினா ஓரத்துக்குப் பரவுற மாதிரி?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "தோசையேதான். ஒரே கல்லில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தோசை. இரண்டும் உச்சியில் சந்திக்கும், ஆனால் ஒட்டாது. நடுவில் ஒரு கோடு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளிதான் மூட்டு. மூளை வளர வளர இரண்டையும் விலக்கும். விலகின ஓரத்தில் புது எலும்பு சேரும். அப்படித்தான் தலை அகலமாகிறது. நடுவயது வரைக்கும் அது முழுசாக மூடாது."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாங்கள் பாலத்தில் தளத்துக்கும் தளத்துக்கும் நடுவில் இடைவெளி விடுகிறோம். அந்த இடத்தில் காங்கிரீட் விழுந்து அடைத்துக்கொண்டால் வெயிலில் பாலம் விரிய வழியில்லாமல் வேறெங்காவது முட்டும். கதிருக்கு இரண்டு தோசையும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அகலத்துக்கு வழியில்லை. அதனால் மூளை முன்னாலும் பின்னாலும் தள்ளிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. உச்சிக்குழி என்பது நெற்றி எலும்பும் சுவரெலும்பும் கூடும் நாற்சந்தி. அது திறந்திருந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள தெரு அடைபட்டிருக்கலாம். வள்ளியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

அவளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. தலையைக் குனிந்தபடி, உடைந்த இந்தியில் கேட்டாள். "நான் தலைய அழுத்திப் பிடிச்சதால வந்துச்சா?"

"இல்லை. உன் கையாலும் வரவில்லை, கடுகுத் தலையணையாலும் வரவில்லை. உன் வயிற்றில் இருக்கும்போதே மூடியது. நீ செய்த எதனாலும் இது வராது."

வள்ளி அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் அவள் இதைத்தான் உள்ளே வைத்துப் புழுங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா அதற்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தலையை ஒரு தரம் தொட்டுப் பார்க்கலாமா?"

முடிக்குள் விரல்களை விட்டு உச்சியில் ஒரு கோடு போட்டார். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். கயிறு. அதே கயிறு, தடிப்பாக, கல் மாதிரி. முப்பத்தெட்டு வருஷமாக எண்ணெய் தேய்த்துச் சீவிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் மண்டை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வரும் என்றார். பங்கு பிரித்தது சரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சை இது: தலையில் இரண்டு சின்னக் கீறல் போட்டு, ஒட்டிப்போன உச்சியிலிருந்து ஒரு பட்டை எலும்பை எடுத்துவிடுவார்கள். பிறகு பல மாதம் அளவெடுத்துச் செய்த ஹெல்மெட் ஒன்றைப் போட்டால் தலை அகலத்துக்கு வளரும். எடுத்த இடத்தில் புது எலும்பு தானே வந்து மூடிவிடும். எலும்பு மெல்லிசாக இருக்கும் இந்த மாதங்களில்தான் அப்படிச் செய்ய முடியும். தள்ளிப் போட்டால் பெரிய ஆபரேஷன், காதிலிருந்து காது வரைக்கும் திறக்க வேண்டிவரும். பயம் எங்கே என்றால், அந்தப் பட்டைக்கு நேர் கீழேதான் மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. இதைச் சொல்லும்போது டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஊருக்குச் செய்தி போனது. ஆறுமுகத்தின் அப்பா போனில் வந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவது.

"தம்பி, அது பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்ல எறக்குத முடி. மொத முடி. நடுவுல கத்தி படக் கூடாதுப்பா. உத்திரம் முடியட்டும். அதுவுமில்லாம, ஒங்களுக்கும் அதேதான்னு வள்ளி சொல்லுதா. நீங்க என்ன கொறஞ்சா போயிட்டிய? படிச்சு இன்ஜினீயர் ஆகலையா?"

அன்று மாலையே சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்றுகொண்டு ஆறுமுகம் பேசினார். காற்று இரைந்தது. "மச்சான், அப்பா சொல்லுததும் சரியாத்தான் படுது. நீங்க நல்லாத்தான இருக்கிய? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, விட்டுருவோம்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வள்ளி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பெரிய ரத்தக்குழாய். மறுபக்கம் என் மண்டை. நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்னால் கதிரை யாரும் தொட மாட்டார்கள். அது பொய்யும் இல்லை.

ஆனால் முழு உண்மையும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தலைவலி உண்டு. விடிந்ததும் வரும். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருப்பேன். வெயிலில் நிற்கிற வேலை, அதனால் வருகிறது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். ஆறாம் வகுப்பில் எந்தப் பாலம் கட்டினேன்? டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டிருந்தேன். "அது எலும்பால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்படி மூடின சிலருக்கு உள்ளே அழுத்தம் ஏறும், பலருக்கு ஏறாது. கதிர் எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துகொள்ள எங்களிடம் வழி இல்லை" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

தலைவலியை வள்ளியும் கேட்க ஆறுமுகத்திடம் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் அப்படியே சொன்னேன். பிறகு, "மாப்ள, எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா என் மண்டைய நம்பி அவன் மண்டைய விட்டுராதீக" என்றேன்.

"செஞ்சிருவோம் மச்சான். அப்பாட்ட நான் பேசுதேன்" என்றார்.

வள்ளி என்னைப் பார்த்து, "இத்தன வருசமா தலவலியா? ஒரு வார்த்த சொன்னியாண்ணே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் சுக்குக் காப்பி வந்தது.

மறுநாள் மாமாவே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "ஒங்க மடியில வச்சுதான் முடி எடுப்பியளா?"

"எடுக்கச் சொல்லுதேன் மாமா. ரெண்டு எடத்துல மட்டும் வழிச்சாப் போதும்னாங்க. நாந்தான், எடுத்தா முழுசா எடுங்க, அரைகுறையா வேண்டாம்னுட்டேன்."

"தாய்மாமன் மடின்னா அது மொட்டதான். முடி தரையில விழாமப் பிடிச்சு, மஞ்சத் துணியில ஒரு ரூவாயோட முடிஞ்சு வைங்க. உத்திரத்துக்கு நான் கொண்டு சேத்துருதேன்."

"சாஸ்தா கோவிச்சுக்கிட மாட்டாரே மாமா?"

"கோவிச்சா என்னைய கோவிச்சுக்கிடட்டும்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் வார்டுக்கு முடி எடுப்பவர் மெஷினோடு வந்தார். கட்டிலில் படுக்க வையுங்கள் என்றார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதிரை மடியில் வைத்துக்கொண்டேன். வள்ளி தன் வெள்ளைக் கைக்குட்டையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். நர்ஸ் சுனிதா, ராஜஸ்தான்காரி, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். சொன்னதும் அவருக்குக் கண் மின்னியது.

"முண்டன்! எங்க ஊர்ல புவாதான் முடியை ஏந்தணும். இவனோட புவா எங்கே?" முண்டன் என்றால் முதல் மொட்டை; புவா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவள், நம் அத்தை. ஆறுமுகத்துக்கு அக்கா தங்கை கிடையாது என்றேன். "அச்சா, அப்போ இன்னைக்கு நான்தான் புவா" என்று கையைத் துடைத்துவிட்டு மஞ்சள் துணியை வாங்கிக்கொண்டார். மெஷின் சத்தத்துக்குக் கதிர் வீரிட்டான். நான் மெட்ரோ அறிவிப்பை ஆரம்பித்தேன். ஒரு முடிகூடக் கீழே விழவில்லை.

அவன் தலை மொட்டையானதும் அந்த மேடு பளிச்சென்று தெரிந்தது. பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முடி எடுப்பவர் மெஷினை ஊதிப் பையில் போடப் போனார். "அண்ணே, எனக்கும்" என்று தலையைக் குனிந்தேன்.

"ஒனக்கெதுக்குண்ணே?" என்றாள் வள்ளி.

"அவன் மட்டும் தனியா இருக்க வேண்டாம்" என்றேன். மெஷின் என் உச்சியில் ஏறி இறங்குவது நன்றாகத் தெரிந்தது. ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர்கள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என் பக்கம் கூடிவிட்டார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக என் மண்டையில் விரல் ஓட்டினார்கள். ஒரு பையன் என்னிடம் என்றைக்கு ஆபரேஷன் என்று கேட்டான். வள்ளி பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

காலையில் கதிரை வாங்கிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் கதவை மூடிக்கொண்டார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. தெரிந்துகொண்டதெல்லாம் அப்போது எதிரியாகிவிட்டது. அந்த ரத்தக்குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன். ரத்த வங்கியில் முன்பே நான் ரத்தம் கொடுத்திருந்தேன். வள்ளி மஞ்சள் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பனிப்பாதையில் லாரி மாறி பஸ் மாறி ஆறுமுகம் நடுவில் வந்து சேர்ந்தார். பூட்ஸில் சேறு. என் மொட்டையைப் பார்த்தார், என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே வெளியே வந்தார். "கொஞ்சம் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நல்லபடியாக முடிந்தது" என்றார். நான் நன்றி சொல்வதற்குப் பதிலாக, எடுத்த எலும்பு எவ்வளவு தடிமன் என்று கேட்டுத் தொலைத்தேன். ஆறுமுகம் என்னை முறைத்தார். டாக்டரம்மா மட்டும் விரலால் காட்டினார். தடித்த அட்டை அளவுதான்.

முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் இரண்டு நாள் கிடந்தான். அது எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் வள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி தினமும் டப்பாவில் பராத்தாவோடு வந்து அவளைத் திட்டித் திட்டிச் சாப்பிட வைத்தார். கடுகுத் தலையணையை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். கண் திறந்த அன்று கதிர் முதலில் என்னைப் பார்த்தான். அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொன்னேன். உதட்டைப் பிதுக்கி யோசித்து, பிறகு சிரித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஹெல்மெட் வந்தது. ஆபரேஷனைவிட அதற்குத்தான் செலவு. குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனி வெயிலில் அவனைக் குளிப்பாட்டித் துவட்டி என் மடியில் போட்டாள் வள்ளி.

"தொட்டுப் பாருண்ணே."

"வேண்டாம்ட்டி, பயமா இருக்கு."

"டாக்டரம்மா தொடலாம்னுட்டாங்க. மெல்லத் தொடு."

ஒரு விரலை மட்டும் வைத்தேன். கயிறு கிடந்த இடத்தில் கயிறு இல்லை. உச்சியில் தொடங்கிப் பின்னால் வரைக்கும் வழி நெடுக மெத்தென்று இருந்தது. அது துடித்தது. என் விரலை மெல்லத் தூக்கித் தூக்கி விட்டது. இன்னொரு கை என்னை அறியாமல் என் தலைக்குப் போனது. முள்முள்ளாக முளைத்திருந்த முடிக்கு நடுவில் அந்த மேடு இருந்தது. அழுத்திப் பார்த்தேன். அங்கே ஒன்றும் அசையவில்லை.

"மாமன் மண்டை போச்சே" என்றாள் வள்ளி, என்னைச் சீண்ட.

ஒரு கையை என் தலையிலும் ஒரு விரலை அவன் தலையிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"போகட்டும்" என்றேன்.